ஊரே சொல்கிறதா? கணிப்பொறி எண்ணும் மக்கள் கருத்து

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் அண்ணன் மகள் கைபேசியும் கையுமாக வந்து நின்றாள்.

“சித்தப்பா, இந்தப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது.”

“எந்த ஊரும்மா? வல்லத்திராக்கோட்டையா?”

“போங்க சித்தப்பா! யூடியூப்ல பாருங்க. டிரைலருக்குக் கீழே எத்தனை ஆயிரம் பேர் எழுதியிருக்காங்க!”

எழுதியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் அவள் பத்துப் பதினைந்துக்கு மேல் படித்திருக்கவில்லை. மீதி ஆயிரங்கள் என்ன சொல்கின்றன? அவற்றை யாராவது படித்து எண்ண முடியுமா? இது முதல் கேள்வி. எண்ணி முடித்தாலும் அது ‘ஊர்’ சொன்னதாகுமா? இது இரண்டாவது. முதற் கேள்வி கணிப்பொறிக்கு உரியது. இரண்டாவது கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது ஒரு புயலின்போது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்ணுவோம்.

ஒரு கருத்துரையைப் படித்து, இது பாராட்டா குறையா என்று முடிவு செய்யப் பத்து வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினையாயிரம் கருத்துரைகளுக்கு ஏறத்தாழ 42 மணி நேரம் வேண்டும். உண்ணாமல் உறங்காமல் படித்தாலும் ஏறத்தாழ இரண்டு நாள் ஆகிவிடும். ஒரு படத்துக்கு இவ்வளவு என்றால், ஓர் அரசுத் திட்டத்தைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ நாடு முழுவதும் எழுதுவதை எத்தனை பேரை அமர்த்திப் படிப்பது? ஆகவேதான் இந்த வேலையைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுக்க முற்படுகிறார்கள்.

கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான். எனவே நாம் செய்யக்கூடியது, சொற்களை எண்ணச் சொல்வது. இதைத் தாளும் பென்சிலும் கொண்டே செய்து பார்க்கலாம்.

நாமே படித்துத் தரம் பிரித்த 20 கருத்துரைகள் நம்மிடம் உள்ளன என்று கொள்வோம். அவற்றில் 12 பாராட்டு, 8 குறை. ‘செம’ என்னும் சொல் பாராட்டில் 6 இடத்திலும், குறையில் 1 இடத்திலும் வந்துள்ளது. ‘மொக்கை’ பாராட்டில் 1 இடத்திலும், குறையில் 4 இடத்திலும் வந்துள்ளது. (இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க. மக்கள் எழுதுவதைத்தானே ஆராய்கிறோம்!)

இப்போது ‘செம’ என்ற ஒரே சொல்லுடன் புதிய கருத்துரை ஒன்று வருகிறது. அது பாராட்டாக இருப்பதற்குரிய மதிப்பெண்: முதலில், எந்தக் கருத்துரையும் பாராட்டாக இருக்கும் வாய்ப்பு 12/20. பாராட்டில் ‘செம’ வரும் வாய்ப்பு 6/12. இரண்டையும் பெருக்கினால் 0.3. குறைக்குரிய மதிப்பெண் 8/20 × 1/8, அதாவது 0.05. ஒன்று மற்றதைப்போல் ஆறு மடங்கு. பொறி தயங்காமல் ‘பாராட்டு’ என்று எழுதிவிடும்.

அடுத்து வருகிறது: “பாட்டு செம, கதை மொக்கை.” பாராட்டு மதிப்பெண் 12/20 × 6/12 × 1/12. குறை மதிப்பெண் 8/20 × 1/8 × 4/8. நீங்களே பெருக்கிப் பாருங்கள். இரண்டும் 0.025! பொறி நடுவில் நின்றுவிட்டது. ஆனால் அது தவறு செய்யவில்லை. அந்த மனிதரே அப்படித்தானே எழுதியிருக்கிறார்? பாதி இனிப்பு, பாதி கசப்பு. (அந்தப் படத்துக்குப் பிறகு போய் வந்தோம். எங்கள் வீட்டுத் தீர்ப்பும் 0.025தான்.)

இம்முறைக்கு அடிப்படையான விதியைக் கண்டவர் தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் 1761-இல் இறந்தார். அவருடைய கட்டுரை 1763-இல்தான் வெளியாயிற்று. கைபேசியை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆயினும் இன்றுவரை வேண்டாத மின்னஞ்சல்களைப் பிரித்தொதுக்குவதில் இந்த விதிக்குப் பங்குண்டு. ஒரு சிறு சிக்கலும் இதில் உண்டு. இதுவரை குறையில் ஒருமுறைகூட வராத சொல் ஒன்று வந்தால் அதன் வாய்ப்பு 0. பெருக்கும்போது மொத்தமும் 0 ஆகிவிடும்! ஆகவே எல்லா எண்ணிக்கையிலும் ஒன்றைக் கூட்டிவிட்டுத் தொடங்குவார்கள். இந்த உபாயம் பிரெஞ்சு அறிஞர் லாப்லாசின் பெயரால் வழங்குகிறது.

இவ்வளவு எளிதா என்று நினைக்கிறீர்களா? தமிழில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

படம், படத்தை, படத்தில், படத்துக்கு, படமும், படமா. நமக்கு இவை ஒரே சொல்லின் உருவங்கள். பொறிக்கு ஆறு வேறு சொற்கள். நம்முடைய வேற்றுமை உருபுகள் அதற்கு ஒரு பெரிய தலைவலி. மேலும், நம் இளைஞர் பலர் தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவதில்லை, ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ‘நல்லா’ என்பதற்கு ஒருவர் ‘எல்’ எழுத்தை ஒன்று போடுவார், மற்றவர் இரண்டு போடுவார். கடைசி ‘ஏ’ எழுத்தை உற்சாகத்துக்குத் தக்கபடி மூன்று, நான்கு, ஐந்து என்று நீட்டுவோரும் உண்டு. இடையிடையே ஆங்கிலச் சொற்களும் கலந்து வரும்.

“நன்றாக இல்லை” என்பதைப் பாருங்கள். சொற்களைத் தனித்தனியே எண்ணும் பொறி ‘நன்றாக’ என்பதைக் கண்டதும் மகிழ்ந்துவிடும். இதற்கு மருந்து, சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணுவது. “நல்லா இருக்கு உங்க நியாயம்!” என்பதற்கு என்ன மருந்து? நம் பாட்டிமார்களின் குத்தல் பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறி வந்துவிட்டால் அதற்கு நானே மாலை போடுவேன். 2018-இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ‘பெர்ட்’ போன்ற புதிய முறைகள், ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு சேர்த்துப் பொருள் கொள்கின்றன. பழைய எண்ணும் முறையைவிட இவை பெரிதும் மேலானவை. குத்தலில் அவையும் இடறத்தான் செய்கின்றன.

தமிழுக்கென்று இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2020-இல் பாரதி ராஜா சக்கரவர்த்தி, விக்னேஷ்வரன் முரளிதரன், ரூபா பிரியதர்ஷினி, ஜான் மெக்ரே ஆகிய நால்வர், 2019-இல் வந்த தமிழ்ப் பட டிரைலர்களுக்கு யூடியூபில் எழுதப்பட்ட கருத்துரைகளைத் திரட்டி ஒரு தொகுப்பை வெளியிட்டனர். தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 கருத்துரைகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் படித்துத் தரம் பிரித்தார்கள். பொறி கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் மனிதன் படித்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

மூன்று பேர் எதற்கு? ஒரே கருத்துரையை ஒருவர் பாராட்டு என்பார், மற்றவர் கேலி என்பார். இந்த உடன்பாட்டை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. தொடர்பியல் அறிஞர் கிளாஸ் கிரிப்பென்டார்ஃப் வகுத்தது அது. எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் 1. கண்ணை மூடிக்கொண்டு குறித்ததற்குச் சமமாயின் 0. இந்தத் தொகுப்பில் அது 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் இருந்தது. அதாவது தமிழ் தெரிந்த மனிதர்களே முழுக்க ஒத்துப்போகவில்லை. பொறி தடுமாறுகிறது என்று குறை சொல்லுமுன் இதை நினைவில் வையுங்கள்.

அந்தத் தொகுப்பின் கணக்கைத் தருகிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாராட்டு 10,559. குறை 2,037. இரண்டும் கலந்தவை 1,801. நடுநிலை 850. தமிழல்லாதவை 497. கூட்டினால் 15,744 சரியாக வரும்.

இப்போது நான் ஒரு பொறி செய்து தருகிறேன். செலவு ஒன்றுமில்லை. எந்தக் கருத்துரையைக் கொடுத்தாலும் அது படிக்காமலேயே ‘பாராட்டு’ என்று சொல்லிவிடும். அது எவ்வளவு சரி? 10,559-ஐ 15,744-ஆல் வகுங்கள். 67 விழுக்காடு! ஒரு எழுத்துக்கூடப் படிக்காத பொறி தேர்வில் முதல் வகுப்பு வாங்கிவிட்டது.

புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டத்தில் தினமும் “நாளை மழை இல்லை” என்று சொல்பவர் பெரும்பாலான நாட்களில் சரியாகவே சொல்வார். தவறுவது சில நாட்களில்தான். ஆனால் நமக்கு வேண்டியது அந்தச் சில நாட்கள்தானே! ஆகவே பொறியைச் சோதிக்கும்போது மொத்தத்தில் எவ்வளவு சரி என்று மட்டும் பார்க்கக் கூடாது. ஐந்து வகையிலும் தனித்தனியே எவ்வளவு சரி என்று பார்த்துச் சராசரி காண வேண்டும். என் சோம்பேறிப் பொறி பாராட்டில் 100 விழுக்காடு சரி, மற்ற நான்கில் 0. சராசரி 20. சாயம் வெளுத்துவிட்டது. “எங்கள் பொறி மக்கள் கருத்தை 70 விழுக்காடு சரியாகச் சொல்கிறது” என்று யாராவது விளம்பரம் செய்தால், என் பொறியைவிட அது எவ்வளவு மேல் என்று கேளுங்கள்.

சரி, மிக நல்ல பொறி ஒன்று கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். எல்லாக் கருத்துரைகளையும் பிழையின்றிப் பிரித்துவிட்டது. என் அண்ணன் மகள் சொன்ன ‘ஊர்’ இப்போது கிடைத்துவிட்டதா?

இங்கே இயற்பியல் செய்முறை வகுப்பை நினைவுகூருங்கள். பிழை இருவகை. ஒரு கம்பியின் நீளத்தைப் பத்து முறை அளந்தால் விடை சற்றுக் கூடியும் குறைந்தும் வரும். இது தற்செயற் பிழை. பல முறை அளந்து சராசரி எடுத்தால் இது குறையும். நூறு மடங்கு அதிகம் அளந்தால் பிழை பத்தில் ஒன்றாகும். மற்றது முறைசார்ந்த பிழை. உங்கள் அளவுகோலின் முனை 2 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. அது தெரியாமல் ஆயிரம் முறை அளந்தாலும் அந்த 2 மில்லிமீட்டர் அப்படியேதான் நிற்கும். இலட்சம் முறை அளந்தாலும் நிற்கும்.

மக்கள் கருத்தை அளப்பதிலும் இப்படியே. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட். அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார்! பிழை எங்கே? முகவரிகளில் பெரும்பகுதியைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தத்தால் அல்லலுற்ற அந்நாளில் தொலைபேசியும் காரும் இல்லாதவர் ஏராளம். சீட்டு கிடைத்தவர்களிலும் திருப்பி அனுப்பச் சிரத்தை காட்டியோர் ஒரு சாராரே. மிகக் குறைவான பேரை, ஆனால் எல்லாத் தரப்பிலிருந்தும் தேர்ந்தெடுத்துக் கேட்ட ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். அளவுகோலின் முனை தேய்ந்திருந்தது. இருபது இலட்சம் என்னும் எண் அதைச் சரிசெய்யவில்லை.

இனி அந்தப் புயலுக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடற்கரையோடு நிற்காமல் உள்நாட்டிலும் புகுந்து எங்கள் மாவட்டத்தைச் சூறையாடிற்று. ஆலங்குடி, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் விடிந்தபோது படுத்துக் கிடந்தன. முப்பது ஆண்டு வளர்த்த மரம் முப்பது நிமிடத்தில் போயிற்று. புயல் தாக்கிய மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. என் கைபேசி அன்று மாலையே உயிரை விட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவரிடம் காசு கொடுத்து மின்னேற்றிக்கொண்டவர்கள்கூட, பேச அலை கிடைக்காமல் வயற்காட்டில் கையை உயர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மரங்களை வெட்டிப் பாதை திறந்தபின், நான் புதுக்கோட்டை நகருக்குப் போனேன். அங்கே கைபேசி விழித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான செய்திகளைக் கொட்டிற்று. சென்னையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார்: “புயல் நல்லபடியாகக் கடந்துவிட்டதாமே, உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் நலம் என்று எடுத்துக்கொண்டேன்.” அவர் மீது எனக்குக் கோபமில்லை. செய்தி இல்லை என்றால் நலம் என்றுதான் உலகம் கொள்கிறது. ஆனால் பேருந்தில் திரும்பும்போது ஒரு நினைவு என்னை உறுத்திற்று. அந்த வாரம் ஒரு கணிப்பொறி, எந்த ஊருக்குக் குடிநீரும் தார்ப்பாயும் வேண்டும் என்று இணையத்தில் வந்த முறையீடுகளை எண்ணியிருந்தால், எங்கள் ஊரின் எண்ணிக்கை என்ன? பூஜ்யம். ஒரு தென்னைகூட விழாத ஊரின் எண்ணிக்கையும் பூஜ்யம்தான்!

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2012 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவைச் சாண்டி என்னும் புயல் தாக்கியபோது, அக்டோபர் 27 முதல் நவம்பர் 1 வரை ட்விட்டரில் அதைப்பற்றி 2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்தார்கள். மிக அதிகமான பதிவுகள் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியிலிருந்து வந்திருந்தன. கைபேசிகள் நிறைந்த பகுதி அது. பேரிழப்புக்கு உள்ளான கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவை சொற்பம். அந்தப் பதிவுகளை மட்டும் பார்த்தவர், புயலின் நடுமையம் மன்ஹாட்டன் என்றே முடிவு கட்டியிருப்பார்.

அப்படியானால் கணிப்பொறியால் பயனில்லையா? இங்குதான் இயற்பியல் நமக்கு ஒரு வழி காட்டுகிறது. 1814-இல் ஜெர்மானியர் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தபோது, வண்ணங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். ஒளி வராத இடங்கள் அவை. ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் கிர்க்காஃபும் புன்செனும் அவற்றின் பொருளை விளக்கினார்கள். சூரியனின் வளிமண்டலத்தில் உள்ள சோடியம், இரும்பு முதலிய தனிமங்கள் விழுங்கிய ஒளியின் தடங்களே அக்கோடுகள். வராத ஒளியே செய்தியைக் கொண்டுவந்தது!

கருத்தை ஆராய்பவர்களும் அவ்வாறு செய்யலாம். ஓர் ஊரிலிருந்து சாதாரண நாளில் 400 செய்திகள் வருவது வழக்கம் என்று கொள்வோம். புயலன்று 400 வந்தால் நலம். 4,000 வந்தால் ஏதோ நடந்திருக்கிறது. 3 வந்தால்? முதலில் வண்டி போக வேண்டியது அந்த ஊருக்குத்தான். இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிடாமல் தனியே பார்த்தால் இது தெரியாது. 2017-இல் ஃபேஸ்புக் நிறுவனம் நிவாரண அமைப்புகளுக்குத் தரத் தொடங்கிய பேரிடர் வரைபடங்கள் இந்த அடிப்படையிலேயே அமைந்தன. ஒரு பகுதியில் வழக்கமாகக் காணப்படும் பயனர் எண்ணிக்கையையும் பேரிடரின்போது காணப்படுவதையும் அவை அருகருகே காட்டின.

ஆனால் கருங்கோடு தெரிய வேண்டுமானால் சுற்றிலும் ஒளி இருக்க வேண்டும். வழக்கமாகப் பேசுகிறவர் மௌனமானால்தான் பொறிக்குத் தெரியும். என்றுமே பேசாதவரை என்ன செய்வது? என் தாயார், அதாவது அந்தப் பெண்ணின் அப்பத்தா, கைபேசியில் வரும் அழைப்பை எடுத்துப் பேசுவார். எழுதியதில்லை. புயலில் அவருடைய பதினேழு தென்னைகள் போயின. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொரு மரத்தின் வயதையும் சொன்னார். அந்த ஒரு மணி நேரப் பேச்சு எந்தக் கணிப்பொறிக்குள்ளும் இல்லை. அதைப் பெற வேறு வழியே கிடையாது, ஒருவர் நடந்து வந்து கேட்டால்தான் உண்டு. ஆகவே தேர்ந்த ஆய்வாளர்கள் இணையக் கணக்கோடு நேரில் கேட்ட மாதிரிக் கணக்கையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சரிபார்ப்பதுபோல.

இதை உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். கணிப்பொறி தேவையில்லை. “நம் பேருந்து நேரம் எப்படி இருக்கிறது?” என்பதுபோல் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். விரும்பியவர்கள் மட்டும் பெயரில்லாமல் சீட்டில் ஒரு வரி எழுதிப் பெட்டியில் போடட்டும். சீட்டு போட்டவர்கள் பெயர்களை மட்டும் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று பேர், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு சீட்டையும் பாராட்டு, குறை, கலப்பு, நடுநிலை என்று பிரிக்க வேண்டும். எத்தனை சீட்டில் மூவரும் ஒத்துப்போனீர்கள்? பிரித்த சீட்டுகளில் பாதியைக் கொண்டு, எந்தச் சொல் எந்த வகையில் எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை போடுங்கள். மறுபாதியை மேலே சொன்ன பெருக்கல் கணக்கால் பிரித்து, மூவரும் கொடுத்த விடையோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் ‘குறை’ என்றே சொல்லும் சோம்பேறிப் பொறி எத்தனை மதிப்பெண் வாங்கும் என்றும் பாருங்கள்.

கடைசியாக, வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துச் சீட்டு போடாதவர்கள் யார் யார் என்று பட்டியலிடுங்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகச் சென்று அதே கேள்வியைக் கேளுங்கள். அந்த விடைகளுக்குத் தனி அட்டவணை போட்டு, முதல் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். என் அண்ணன் மகள் தன் வகுப்பில் இதைச் செய்தாள். சீட்டு போட்டவர்களில் பெரும்பாலோர் பேருந்தில் வருபவர்கள். போடாதவர்களில் ஏழு பேர், பேருந்தே இல்லாத ஊர்களிலிருந்து நடந்து வருகிறவர்கள்.